புதுக்கோழி கூடு பழகும் வரை

காலையில் வாரச்சந்தையில் வாங்கிய கோழியை மதியம் வீட்டுக்குக் கொண்டுவந்து, கால்கட்டை அவிழ்த்து, நாலு பிடி அரிசியைத் தூவிவிட்டால் அது நம்முடையதாகிவிடும் என்று நினைப்பதுதான் முதல் தவறு. அரிசியைத் தின்றுவிட்டுப் பொழுது சாயும்போது பக்கத்து வீட்டு முருங்கையில் ஏறிவிடும். மறுநாள் இறகு மட்டும் கிடக்கும். இல்லையென்றால் அந்த மரத்தையே வீடாக வைத்துக்கொண்டு, தீனிக்கு மட்டும் நம் வாசலுக்கு வந்து போகும்.

கோழி எந்த இடத்தில் இரவு அடைகிறதோ அந்த இடத்தைத்தான் வீடாக நினைக்கும். தொடர்ந்து ஏழெட்டு இரவு ஒரே கூட்டில் அடைந்துவிட்டால் பிறகு விரட்டினாலும் அங்கேதான் திரும்பி வரும். அதனால் முக்கியமான வேலைகள் எல்லாம் பொழுது சாய்ந்த பிறகே நடக்கின்றன: கோழியைக் கூட்டில் விடுவது, தின்றதா என்று பார்ப்பது, உண்ணி தேடுவது, பழைய கோழிகளோடு சேர்ப்பது எல்லாமே. கையில் நல்ல டார்ச் ஒன்று இருக்கட்டும்.

கோழி வரும் முன் கூடு

கோழியை வாங்கிப் பஞ்சாரம் என்னும் மூங்கில் கூடையால் கவிழ்த்து வைத்துவிட்டு, அதற்குப் பிறகு கூடு கட்டத் தொடங்குவது வேண்டாம். பஞ்சாரம் ஓர் இரவுக்குச் சரி. ஒரு வாரம் அதற்குள்ளேயே கிடந்தால் எச்சத்திலேயே படுத்து நோய் வாங்கிக்கொள்ளும்.

ஐந்து கோழிக்கு 4 அடிக்கு 3 அடி உள்ள இரவுக்கூடு போதும். அதோடு ஒட்டி, வலை அடித்த திறந்தவெளி ஒன்று 8 அடிக்கு 6 அடியாவது வேண்டும். முதல் வாரம் கோழி பகலெல்லாம் அங்கேதான் இருக்கப்போகிறது. அந்த இடம் சின்னதாக இருந்தால் சலிப்பில் ஒன்றையொன்று கொத்தத் தொடங்கும்.

அறுகோணக் கண் உள்ள சாதாரணக் கோழிவலை கோழி வெளியே போகாமல் தடுக்கும். நாய் உள்ளே வருவதை அது தடுக்காது. பல்லால் இழுத்தால் கிழிந்துவிடும். கீழிருந்து மூன்றடி உயரத்துக்காவது அரை அங்குலக் கண் உள்ள வெல்டு மெஷ், அதாவது கம்பிகளைப் பற்றவைத்த கெட்டியான வலை, அடியுங்கள். கீரியும் பெருச்சாளியும் தோண்டி வரும். அதனால் வலையின் அடிப்பகுதியை ஓர் அடி மண்ணுக்குள் இறக்கிப் புதைக்க வேண்டும், அல்லது வெளிப்பக்கம் ஓர் அடி அகலத்துக்கு மடித்துத் தரையில் படுக்கவைத்து மேலே கல் அடுக்க வேண்டும். கதவுக்கு வெறும் கொக்கி போதாது, தாழ்ப்பாள் வையுங்கள். மரநாய் கொக்கியைத் தள்ளித் திறந்துவிடும்.

உள்ளே உட்காரும் கழி தரையிலிருந்து ஒன்றரை முதல் இரண்டு அடி உயரத்தில் இருக்கட்டும். கை மணிக்கட்டு அளவுப் பருமனில், விளிம்பு உருட்டிய மரக்கழி நல்லது. வழுவழுப்பான பிளாஸ்டிக் குழாயில் கால் நிற்காது. இரும்புக் குழாய் மார்கழியில் சில்லிடும், சித்திரையில் சுடும். ஒரு கோழிக்கு 8 முதல் 10 அங்குல இடம் கணக்கு. முட்டையிடும் பெட்டி கழியைவிடத் தாழ்வாக இருக்க வேண்டும். கோழி இருப்பதிலேயே உயரமான இடத்தில்தான் தூங்கும். பெட்டி மேலே இருந்தால் அதில் ஏறித் தூங்கி, இரவெல்லாம் எச்சமிட்டு நாசமாக்கிவிடும். தரையில் உமி இரண்டு மூன்று அங்குலம் பரப்புங்கள். கடலைத்தோலும் போடலாம், ஆனால் பூஞ்சை வாடை அடிக்கும் மூட்டையைத் தொடாதீர்கள்.

வாங்கும் இடத்தில்

கூட்டத்தில் சுறுசுறுப்பாகத் தெரியும் கோழியைக் காட்டச் சொல்லிக் கையில் வாங்குங்கள். கண்ணில் நுரை, மூக்கில் சளி, வீங்கிய முகம் எதுவும் இருக்கக் கூடாது. அலகை மெல்லத் திறந்து முகர்ந்து பாருங்கள். அழுகிய வாடை வந்தால் அது சளிநோய்; குணமானாலும் அந்தக் கோழி வாழ்நாள் முழுக்க மற்றவற்றுக்கு நோயைப் பரப்பும். பின்புறத்து இறகில் எச்சம் அப்பியிருந்தால் வயிறு சரியில்லை. மார்பெலும்பை விரலால் தடவும்போது இரண்டு பக்கமும் சதை தட்டுப்பட வேண்டும். கத்தி முனைபோல எலும்பு மட்டும் நீட்டிக்கொண்டிருந்தால் அது பல நாளாக மெலிந்துவரும் கோழி. காலில் செதில்கள் தூக்கிக்கொண்டு சுண்ணாம்பு படிந்ததுபோல் இருந்தால் அது ஒருவகைச் சிற்றுண்ணி. அதை மட்டும் வேப்பெண்ணெயும் தேங்காயெண்ணெயும் கலந்து வாரம் இருமுறை தடவிச் சரிசெய்துவிடலாம்.

கையில் எடுக்கும்போது உடம்பு கொதிக்கிறதே என்று பயப்பட வேண்டாம். கோழியின் உடல் வெப்பமே ஏறக்குறைய 41 டிகிரி செல்சியஸ்.

ஒற்றைக் கோழியாக வாங்காதீர்கள், குறைந்தது இரண்டு. வந்த அன்று பயந்து ஒடுங்கும் கோழிக்குத் துணை இருந்தால் தின்னத் தொடங்கும். இதுவரை என்ன தீனி கொடுத்தார்கள், என்ன தடுப்பூசி எப்போது போட்டார்கள், கூட்டில் வளர்ந்ததா மேய்ச்சலில் வளர்ந்ததா என்ற மூன்றையும் விற்பவரிடம் கேட்டு எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

கொண்டுவருவது, முதல் இரவு

காலைக் கட்டித் தலைகீழாகத் தொங்கவிட்டுக் கொண்டுவரும் பழக்கத்தை விட்டுவிடுங்கள். கோழிக்கு நம்மைப்போல் உதரவிதானம் கிடையாது. தலைகீழாகத் தொங்கினால் குடலும் ஈரலும் மூச்சுப்பைகளின் மேல் சரிந்து அழுத்தும். வெயில் நாளில் வழியிலேயே உயிர் போய்விடும். பக்கவாட்டில் ஓட்டை போட்ட அட்டைப்பெட்டியோ மூங்கில் கூடையோ போதும். மேலே மெல்லிய துணி போட்டு இருட்டாக்கினால் அடங்கி உட்காரும். சித்திரை, வைகாசியில் நடுப்பகல் பயணமே வேண்டாம்.

வீட்டுக்கு வந்து சேரும் நேரம் பொழுது சாயும் நேரமாக இருந்தால் நல்லது. முன்னதாக வந்துவிட்டால் பெட்டியோடு நிழலில் வைத்து, திறந்து தண்ணீர் மட்டும் காட்டுங்கள். ஒரு லிட்டர் தண்ணீரில் எலுமிச்சை அளவு வெல்லமும் ஒரு சிட்டிகை உப்பும் கரைத்து வைத்தால் பயணக் களைப்பு தீரும். இது முதல் நாலைந்து மணி நேரத்துக்கு மட்டும். பிறகு அதைக் கீழே கொட்டிவிட்டு வெறும் தண்ணீர் வையுங்கள். வெல்லத் தண்ணீர் புளித்தால் அதுவே கழிச்சலைக் கொண்டுவரும்.

நன்றாக இருட்டியதும் ஒவ்வொன்றாகத் தூக்கிக் கழியின் மேல் உட்காரவையுங்கள். இறக்கை இரண்டையும் உடம்போடு சேர்த்து அணைத்துப் பிடித்து, கழி அதன் காலில் உரசும்படி கொண்டுபோனால் விரல்கள் தாமாகவே பற்றிக்கொள்ளும். இருட்டில் கோழிக்குக் கண் சரியாகத் தெரியாது. வைத்த இடத்தை விட்டு அசையாது. விடிந்து கண் விழிக்கும்போது அந்தக் கூடுதான் முதலில் கண்ணில் படும். கழிக்குக் கீழே ஒரு பழைய சாக்கையோ செய்தித்தாளையோ விரித்துவிட்டுக் கதவைச் சாத்துங்கள்.

முதல் மூன்று நாள்

விடிந்ததும் அந்தத் தாளைப் பாருங்கள். நல்ல எச்சம் பச்சை கலந்த பழுப்பாக, கெட்டியாக, மேலே வெள்ளைத் தொப்பி வைத்ததுபோல் இருக்கும். எட்டுப் பத்து எச்சத்துக்கு ஒன்று கரும்பழுப்பில், பசைபோல், மிகுந்த நாற்றத்தோடு வரும். அது பெருங்குடலின் தொடக்கத்தில் உள்ள பையிலிருந்து வருவது, நோய் இல்லை. புதிதாக வளர்ப்பவர்கள் பலர் இதைக் கழிச்சல் என்று நினைத்து மருந்து கொடுத்துவிடுகிறார்கள். பயணம் முடிந்த முதல் இரண்டு நாள் எச்சம் நீராக இருப்பதும் வழக்கம்தான். இலைப்பச்சை நிறத்தில் மட்டும் போனால் இரை எடுக்கவில்லை என்று பொருள்.

தின்றதா இல்லையா என்பதைக் கண்ணால் பார்த்துச் சொல்ல முடியாது. தீனியைக் கிளறிவிட்டுப் போகும் கோழி தின்றதுபோலவே தெரியும். கழியில் அடைந்த பிறகு தீனிப்பையைத் தொட்டுப் பாருங்கள். கழுத்து உடம்போடு சேரும் இடத்தில், மார்புக்கு மேல், சற்றே வலப்பக்கமாக இருக்கும். நன்றாகத் தின்ற கோழியின் தீனிப்பை சிறு எலுமிச்சம்பழம்போல் பருத்து, உள்ளே தானியம் நெருடும். காலையில் கதவைத் திறக்கும் முன் தொட்டால் காலியாகித் தட்டையாக இருக்க வேண்டும். இரவில் காலியாக இருந்தால் தின்னவில்லை. காலையிலும் கல்லாகவோ, தண்ணீர் நிறைந்த பலூன்போலவோ இருந்தால் செரிக்கவில்லை, மருத்துவரிடம் காட்ட வேண்டும். முதல் நாள் அரைகுறையாகத் தின்பதை விட்டுவிடலாம். இரண்டாம் இரவும் காலியாக இருந்தால் நொய்யை வேகவைத்து ஆறவைத்துக் கொஞ்சம் தயிர் கலந்து தனியாக வையுங்கள். அந்தக் கோழியை மற்றொன்று தட்டருகே விடாமல் விரட்டுகிறதா என்றும் கவனியுங்கள்.

முட்டையிடும் கோழிக்கு நாளுக்கு 100 முதல் 120 கிராம் தீனி கணக்கு. மேய்ச்சலுக்குப் போகும் நாட்டுக்கோழிக்கு இதைவிடக் குறைவாகப் போதும். பழைய இடத்துத் தீனியை நாலைந்து நாள் பாதிக்குப் பாதி கலந்து கொடுத்த பிறகு நம் தீனிக்கு மாற்றுங்கள். தண்ணீர் ஒரு கோழிக்கு 200 முதல் 250 மி.லி., கோடையில் அதைப்போல் இருமடங்கு. தீனியில் தவறு நடந்தால் முட்டை குறையும், அவ்வளவுதான். கோடை மதியம் தண்ணீர்ச்சட்டி கவிழ்ந்து கிடந்தால் கோழியே போய்விடும். அடி கனமான மண்சட்டியில் நடுவே ஒரு கல்லை வைத்துவிடுங்கள், கவிழாது.

இந்த மூன்று நாளும் பிள்ளைகள் தூக்கிக் கொஞ்சுவது, அக்கம்பக்கத்தார் வந்து பார்ப்பது, நாயை அருகே விடுவது எதுவும் வேண்டாம். ஒரே ஆள், ஒரே நேரத்தில், ஒரே குரலில் “பா… பா…” என்று கூப்பிட்டுத் தீனி வைக்கட்டும். கதவைத் திறந்துவிடும் நாளில் அந்தக் குரல்தான் கோழியைத் திரும்ப அழைத்துவரும்.

உண்ணி, பேன், பூச்சி, தடுப்பூசி

மூன்றாம் நாள் இரவு ஒவ்வொரு கோழியையும் மடியில் வைத்து, ஆசனவாயைச் சுற்றியுள்ள இறகைப் பிரித்து டார்ச் அடித்துப் பாருங்கள். இறகின் அடியில் உப்புக்கல் ஒட்டியதுபோல் வெள்ளைத் திரள் இருந்தால் அது பேனின் முட்டை. வெளிச்சம் பட்டதும் வைக்கோல் நிறப் புள்ளிகள் ஓடினால் பேன். சாம்பலும் காய்ந்த மண்ணும் சம அளவு கலந்து, இரண்டு பிடி வேப்பிலைத்தூள் சேர்த்து, அகலமான தட்டில் ஒரு மூலையில் வைத்தால் கோழி தானே புரண்டு குளித்துக்கொள்ளும். மிகுதியாக இருந்தால் மருத்துவர் தரும் மருந்து வேண்டியிருக்கும்.

உண்ணி அப்படி உடம்பில் தங்காது. பகலில் கழியின் முனையிலும் பலகை இடுக்கிலும் ஒளிந்துகொண்டு இரவில் வந்து இரத்தம் குடிக்கும். கோழி பொழுது சாய்ந்தும் கூட்டுக்குள் போக அடம்பிடித்தால், கொண்டை வெளுத்துக்கொண்டே வந்தால், இடுக்குகளைக் கத்தி முனையால் கீறிப் பாருங்கள். இருந்தால் கோழிகளை வெளியே எடுத்துவிட்டு இடுக்குகளில் கொதிநீர் ஊற்றிக் காயவைத்து, கெட்டியாகச் சுண்ணாம்பு பூச வேண்டும்.

வெள்ளைக்கழிச்சல் என்றும் ராணிக்கெட் என்றும் சொல்லும் நோய்தான் வீட்டுக்கோழிகளை ஒட்டுமொத்தமாக வாரிக்கொண்டு போவது. எட்டு வாரத்துக்கு மேற்பட்ட கோழிக்கு இறக்கையில் தோலடியில் போடும் ஊசி இருக்கிறது. தமிழ்நாட்டில் கால்நடை பராமரிப்புத் துறை வழக்கமாகப் பிப்ரவரியில் இரண்டு வாரம் இலவச முகாம் நடத்தும். மற்ற மாதங்களில் கால்நடை மருந்தகத்தில் கேளுங்கள். ஒரு குப்பி மருந்து நூறு கோழிக்கும் மேல் வரும், கரைத்தால் சில மணி நேரத்துக்குள் தீர்க்க வேண்டும். அதனால் தெருவில் கோழி வைத்திருக்கும் நாலைந்து வீட்டார் சேர்ந்து போவது நல்லது. வந்த மறுநாளே ஊசி போடாதீர்கள். பயண அலுப்பில் இருக்கும் உடம்பு தடுப்பாற்றலை ஒழுங்காக உருவாக்காது. பத்து நாளில் குடற்புழு மருந்து, அதிலிருந்து ஒரு வாரம் கழித்துத் தடுப்பூசி என்று வைத்துக்கொள்ளுங்கள். புழு மருந்தின் அளவு எடையைப் பொறுத்தது. எடை போட்டுக்கொண்டு போய்க் கேளுங்கள். எத்தனை நாள் முட்டையை உண்ணக் கூடாது என்பதையும் சேர்த்தே கேளுங்கள்.

கதவைத் திறக்கும் நாள்

ஏழு நாள் முழுசாக அடைத்து வையுங்கள். மரத்தில் அடைந்து பழகிய கோழியென்றால் பத்து நாள். பாவமாக இருக்கிறதே என்று மூன்றாம் நாளே திறப்பவர்கள்தான் பிறகு ஊரெல்லாம் தேடுகிறார்கள்.

முதல் திறப்பு காலையில் கூடாது. பொழுது சாய ஒரு மணி நேரம் இருக்கும்போது, மதியத் தீனியைப் பாதியாகக் குறைத்துவிட்டு, கதவைத் திறந்து தள்ளி நின்றுகொள்ளுங்கள். விரட்டி வெளியேற்ற வேண்டாம். பசியும் இருட்டும் இருப்பதால் கூட்டைச் சுற்றியே மேயும். அரை மணி கழித்து வழக்கமான குரலில் கூப்பிட்டு, கூட்டுக்கு உள்ளே தீனி போடுங்கள். மறுநாள் இரண்டு மணி நேரம், அதற்கடுத்த நாள் மதியத்திலிருந்து என்று கூட்டி, நாலைந்து நாளில் நாள் முழுக்க விடலாம்.

ஒன்று மட்டும் மரத்தில் ஏறிவிட்டால் கல் எறியாதீர்கள். இருட்டிய பிறகு ஏணி வைத்து எடுத்துக் கூட்டுக் கழியில் வைத்து, இரண்டு நாள் அடைத்து மறுபடி விடுங்கள். மூன்று முறை இப்படிச் செய்தும் ஏறினால் ஒரு பக்க இறக்கையில் மட்டும், விரித்தால் நுனியில் தெரியும் பத்து நீண்ட இறகுகளைப் பாதிக்குக் கத்தரிக்கலாம். இறகின் தண்டு நீலம் பாரித்து மெத்தென்று இருந்தால் அதில் இன்னும் இரத்தம் ஓடுகிறது, அதை வெட்டக் கூடாது.

பழைய கோழிகள் இருந்தால்

வீட்டில் ஏற்கெனவே கோழி இருந்தால் மேலே சொன்ன எல்லாவற்றையும் தனி இடத்தில் செய்ய வேண்டும். வீட்டின் மறுபக்கத்தில், தனிச் சட்டி, தனித் தீனித்தட்டோடு 21 நாளாவது. முடிந்தால் 30 நாள் வைப்பது இன்னும் நல்லது. வெள்ளைக்கழிச்சல் உடம்பில் புகுந்து வெளியே தெரிய இரண்டு வாரம்வரை ஆகலாம் என்பதால்தான் இந்தக் கணக்கு. எப்போதும் பழைய கோழிகளுக்கு முதலில் தீனி வையுங்கள், புதியவற்றுக்குப் பிறகு. வந்ததும் கை கால் கழுவுங்கள். புதிய கோழிகளிடம் போக ஒரு தனிச் செருப்பு இருக்கட்டும்.

தனிமை முடிந்ததும் ஒரு வாரம், பத்து நாள் நடுவே வலை மட்டும் வைத்து, இரு கூட்டமும் ஒன்றையொன்று பார்த்தபடி தின்னட்டும். வலையோரம் வந்து கழுத்து இறகைச் சிலிர்ப்பது குறைந்து, பக்கத்தில் பக்கத்தில் நின்று மேயத் தொடங்கியதும் இரவில் கொண்டுபோய்ப் பழைய கோழிகளின் நடுவே கழியில் உட்காரவையுங்கள். மறுநாள் விடியும்போது நீங்கள் அங்கே இருக்க வேண்டும். தீனித்தட்டும் தண்ணீரும் இரண்டிரண்டாக, ஆறடி இடைவெளியில் வையுங்கள். ஒரு தென்னை ஓலையைச் சுவரில் சாய்த்து வைத்தால் அடி வாங்கும் கோழி அதன் பின்னால் ஒதுங்கிக்கொள்ளும்.

கொத்தும், விரட்டும், தலையில் ஓரிரு இறகு பறக்கும். மூன்று நாலு நாளில் யார் மேல், யார் கீழ் என்று முடிவாகிவிடும்; நடுவில் புகுந்து பிரித்துக்கொண்டிருந்தால் அந்த முடிவு தள்ளித் தள்ளிப் போகும். இரத்தம் வந்தால் மட்டும் உடனே எடுங்கள். சிவப்பைக் கண்டால் மற்ற கோழிகளும் அதே இடத்தில் கொத்தும். காயத்தில் மஞ்சளும் வேப்பெண்ணெயும் குழைத்துப் பூசி, ஆறும்வரை தனியே வையுங்கள். ஒரே ஒரு முரட்டுக் கோழிதான் எல்லாவற்றையும் விரட்டுகிறது என்றால் அதைப் பிடித்து மூன்று நாள் கண்காணாத இடத்தில் அடையுங்கள். திரும்பி வரும்போது அதுதான் புதுக்கோழி, கொட்டம் அடங்கியிருக்கும். மூன்று மாதத்துக்கு உட்பட்ட இளங்கோழிகளைப் பெரிய கோழிகளோடு சேர்க்கவே வேண்டாம்.

பண்ணையில் கழித்த முட்டைக்கோழி

நாமக்கல் பக்கத்துப் பண்ணைகளில் 72 வாரத்துக்கு மேல் ஆன கோழிகளைக் கழித்து விற்பார்கள். விலை குறைவு என்று வாங்கி வளர்ப்பவர்கள் இதை அறிந்து வாங்க வேண்டும். அவை பிறந்தது முதல் பெரும்பாலும் கம்பிக்கூண்டிலேயே நின்றவை. கழி என்றால் என்ன என்று தெரியாது. உயரத்தில் வைத்தால் குதித்து இறங்கத் தெரியாமல் விழும். நாளுக்கொரு முட்டை போட்டுச் சுண்ணாம்புச்சத்தெல்லாம் போனதால் எலும்பு சுள்ளிபோல் முறியும். முதல் இரண்டு வாரம் உமியிலேயே படுக்க விடுங்கள், பிறகு அரையடி உயரத்தில் கழி வைத்து, பழகப் பழக உயர்த்துங்கள். இறக்கையைப் பிடித்துத் தூக்கவே கூடாது. இரண்டு கையாலும் வயிற்றோடு ஏந்துங்கள். அரிசியையும் கம்பையும் தீனி என்று அவற்றுக்குத் தெரியாது. முட்டைக்கோழித் தீவனத்தையே தொடர்ந்து கொடுத்து, தானியத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்க்க வேண்டும். சுண்ணாம்புச்சத்துக்குக் கிளிஞ்சல் தூளைத் தனிக் கிண்ணத்தில் வையுங்கள், வேண்டியதை அவையே எடுத்துக்கொள்ளும். அலகு வெட்டப்பட்டிருப்பதால் தரையில் சிதறிய மணியைப் பொறுக்க முடியாது, ஆழமான தட்டில் போடுங்கள். முதல் முறை மண்ணைக் காலால் கிளற அவை எடுத்துக்கொள்ளும் நாள்கள் அதிகம், பொறுமை வேண்டும்.

உடனே மருத்துவரிடம் போக வேண்டியவை

இறக்கை தொங்கிக் கண் மூடித் தூங்கி விழுவது, கழுத்து முறுக்கிக்கொள்வது, வெள்ளையும் பச்சையுமாகக் கழிவது, எச்சத்தில் இரத்தம், வாயைத் திறந்து கழுத்தை நீட்டி மூச்சு விடுவது. கடைசியாகச் சொன்னது கோடை மதியத்தில் எல்லாக் கோழியும் செய்யும். காலைக் குளிரிலும் செய்தால்தான் நோய். ஐப்பசி, கார்த்திகை மழையில் உமி நனைந்து கிடந்தால் இரத்தக்கழிச்சல் வரும். நனைந்த உமியை அன்றைக்கே அள்ளிவிடுங்கள். ஓரிரு நாளில் இரண்டு மூன்று கோழி செத்தால் மீதியை விற்காதீர்கள், அறுக்காதீர்கள். கால்நடை மருந்தகத்துக்குச் சொல்லிவிட்டு அவர்கள் சொல்கிறபடி செய்யுங்கள். செத்ததைக் குப்பையில் வீசாமல் மூன்றடிக் குழியில் சுண்ணாம்பு தூவிப் புதையுங்கள்.

முட்டை எப்போது

இடம் மாறிய கோழி ஒரு வாரம் முதல் மூன்று வாரம்வரை முட்டையை நிறுத்திவிடும். இறகு உதிர்க்கும் பருவத்தில் வாங்கியிருந்தால் இரண்டு மூன்று மாதம்கூட ஆகும். கொண்டை வெளிறிய நிறத்திலிருந்து நன்கு சிவந்து, முதுகில் கை வைத்தவுடன் இறக்கையைச் சற்று விரித்துப் பதுங்கி உட்கார்ந்தால் சில நாளில் முட்டை வரும். அப்போதே பெட்டியில் வைக்கோல் போட்டு, ஒரு பிளாஸ்டிக் பந்தையோ முட்டை வடிவக் கூழாங்கல்லையோ வையுங்கள். ஏற்கெனவே ஒன்று கிடக்கும் இடத்தில்தான் கோழி முட்டையிட விரும்பும். நல்ல முட்டையை அங்கேயே விட்டுவைக்காதீர்கள். உடைந்தால் தின்று பழகிவிடும்.

வெளியில் விடத் தொடங்கியபின், முட்டையிட்ட கோழி போடும் கேறல் சத்தம் கேட்டும் பெட்டியில் முட்டை இல்லையென்றால் வேலியோரப் புதரிலோ விறகடுக்கின் பின்னாலோ இடுகிறது. மூன்று நாலு நாள் காலை 11 மணிவரை கூட்டைத் திறக்காதீர்கள். பெரும்பாலான கோழிகள் அதற்குள் முட்டையிட்டுவிடும், இடமும் பழகிவிடும். புதரில் கிடைத்த முட்டைகளைத் தண்ணீரில் போட்டுப் பாருங்கள். படுத்துக் கிடந்தால் சமைக்கலாம், மிதந்தால் புதைத்துவிடுங்கள்.